குமிழி வராத டப்பா

டென்னிஸ் பந்துகள் காற்றிறங்கிச் சொத்தையாகாமல் இருக்க, அவற்றை ஒரு டப்பாவில் போட்டு, பம்பால் காற்றடித்து மூடிவைப்பேன். அடுத்த ஞாயிறு நானும் கணவரும் ஆடக் கிளம்பும்போது அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும்.

மூடியின் ரப்பர் வளையத்தில் பந்தின் ரோமம் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு கிரீஸ் தடவினேன். அப்போதும் காற்று நிற்கவில்லை. காற்றடித்த கையோடு டப்பாவை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஏங்க, இதுல ஓட்டையே இல்லையே?”

“பழசாயிடுச்சும்மா. விட்டுத் தொலை.”

அவர் காதுமடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் துப்பில்லாத மனுஷன்.

“நீங்கதானே வால்வை அமுக்கிக் காத்தை இறக்கிவிடுறீங்க?”

“பந்து மெதுவா வந்தா நீ ஓட வேண்டாம்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு மூச்சு வாங்கினாலே எனக்குப் பயமாயிடுது.”

இத்தனை நாளும் என் பழைய ஆட்டம் திரும்பிவிட்டதென்று எனக்குள்ளே பூரித்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. எனக்குத் தெரியாமல் தினமும் பயந்துகொண்டிருந்தவரை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது.

“டாக்டரே ஓடலாம்னுட்டார். என்னால எவ்வளவு முடியும்னு எனக்குத் தெரியணுங்க.”

ஆடப் போகும் வழியில் புதுப் பந்துகள் வாங்கினோம். அவர் அடித்த முதல் பந்து எகிறி என் தோளைத் தாண்டிப் போனது. இரண்டாவதை ஓடிப்போய் அடித்தேன்; வலையில் விழுந்தது. மூச்சு இரைத்தது. அவர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“உங்களை யார் கூப்பிட்டா? போய் அடுத்ததை அடிங்க,” என்றேன்.