கோட்டுக் காவல்

தொகோசானி டீச்சருக்கு அந்தப் பள்ளியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுடைய குறை.

ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து சீனாவின் கான்சு மாகாணத்து மலையடிவார ஊர் ஒன்றுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்து அவளுக்கு இது மூன்றாவது குளிர்காலம். ஆசிரியர் அறையில் வெந்நீர்க் குழாய்ச் சூடு நேராகப் படுகிற மேசையை அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். இருட்டு பிரியாத வேளையில் வாசலில் நின்று பிள்ளைகளைக் கணக்கெடுத்து உள்ளே அனுப்பும் முறை எல்லா ஆசிரியருக்கும் வரும்; அவளுக்கு மட்டும் வராது. ஊர் மொழியில் அவள் தப்பும் தவறுமாக ஏதாவது சொன்னால், "ஆகா, எவ்வளவு அழகா பேசறீங்க!" என்பார்கள். ஒருநாள் வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். துணைத் தலைமை ஆசிரியர் ஓடிவந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அதே காலையில் அவளுக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்த பக்கத்து மேசை ஷு டீச்சர், அதே மனிதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத் தொகோசானிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. திட்டு வாங்கவும் ஓர் உரிமை வேண்டும்; அது விருந்தாளிக்குக் கிடையாது.

விடியற்காலையில் கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, தண்ணீர் கொதிப்பதற்குள் முழந்தாளிட்டு ஜெபிப்பது அவள் வழக்கம். பெரிதாக எதையும் கேட்க மாட்டாள். "ஆண்டவரே, இன்னிக்கு யாருக்காவது ஒரு சின்ன உதவியாவது செய்ய விடும்" என்று மட்டும் கேட்பாள். கெண்டி கூவினால் ஆமென்.

அன்று கயிறு தாண்டும் போட்டி. இரண்டு பேர் நீளக் கயிற்றைச் சுற்ற, வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, ஒரு தாண்டு தாண்டி, மறுபக்கம் வெளியேறி, சுற்றி வந்து மறுபடி வரிசையில் சேர வேண்டும். நடுவர் விசில் ஊதி நிறுத்துவதற்குள் எந்த வகுப்பு அதிகம் தாண்டுகிறதோ அதற்குச் சிவப்புக் கொடி. ஒன்பதாம் வகுப்பு நான்காம் பிரிவு, ஏழாம் வகுப்பிலும் எட்டிலும் அந்தக் கொடியை வென்றிருந்தது. மூன்றாவது முறையும் வென்றால் கொடி அந்த வகுப்புக்கே சொந்தம். கரும்பலகைக்கு மேலே அடித்த ஆணியை விட்டு இறங்கவே வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் கடைசிப் போட்டி. அடுத்த கோடையில் ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்துவிடுவார்கள்.

போன இரண்டு வருடமும் தொகோசானி மேடையில் பெரியவர்களோடு உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்தபடி தூரத்திலிருந்துதான் போட்டியைப் பார்த்தாள். இந்த வருடம் அவளே போய் நான்காம் பிரிவின் வகுப்பாசிரியர் காங்கிடம் கேட்டாள்: "நான் உங்க வகுப்புப் பிள்ளைங்களோட கீழ நிக்கட்டுமா, சார்?"

காங் சாருக்கு இடி மாதிரிக் குரல். ஆனால் அவளிடம் பேசும்போது மட்டும் அதைப் பஞ்சில் சுற்றி வைத்துவிடுவார். "தாராளமா நில்லுங்க, தோ டீச்சர். கை தட்டினா போதும்" என்றார். அவள் முழுப்பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை; எல்லாருக்கும் அவள் தோ டீச்சர்தான்.

போட்டிக்கு முன் பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள நூடுல்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரி ஹௌ அக்கா மாவை இழுத்து இழுத்து நூலாக்கிக்கொண்டே சத்தம் போட்டாள்.

"டீச்சரம்மா! உள்ள கம்பளிக் கால்சட்டை போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன், அக்கா."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

"கெட்டுது போங்க! முட்டி போயிடும். வயசான பிறகு, கான்சுல ஒருத்தி சொன்னாளே, கேட்டோமானு அழுவீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தொகோசானியும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு உங்க பொண்ணு லானைப் பாக்க வருவீங்கல்ல? குதிக்கப் போறாளே?"

ஹௌ அக்காவின் கை மாவில் நின்றது. "அவளா? அவளுக்கு வேற வேலை குடுத்திருக்காங்க" என்றாள். பிறகு மாவைப் பலகையில் ஓங்கி அடித்தாள். அந்த அடி கொஞ்சம் பலமாக விழுந்தது. தொகோசானி சூப்பின் சூட்டில் அதைக் கவனிக்கவில்லை.

மைதானத்தில் வெயில் இருந்தது, சூடு இல்லை. பிள்ளைகள் கோட்டுகளைக் கழற்றிவிட்டுக் கைகளைத் தேய்த்தபடி வரிசை கட்டினார்கள். தொகோசானி ஓரமாக நின்றாள். கை தட்ட இன்னும் நேரம் வரவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. அப்போதுதான் சிமெண்டு பிங்பாங் மேசை அருகே கோட்டு மலை ஒன்று நிற்பதைப் பார்த்தாள். அதன் நடுவே இரண்டு கண்கள். ஹௌ அக்காவின் மகள் வேய் லான்.

"நீ மட்டும் ஏன்மா இங்க நிக்கற?"

"கோட்டெல்லாம் பாத்துக்கறேன், டீச்சர்."

"அதுக்கு நீ எதுக்கு? நான் சும்மாதானே நிக்கறேன். இங்க குடு. போ, போய்க் குதி."

"இல்ல டீச்சர், நான் வந்து..."

"போம்மா. எனக்கும் ஒரு வேலை வேணும்ல?"

லான் வகுப்பாசிரியர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காங் சாரும் பார்த்துவிட்டார். அவர் வாய் திறந்தது. வேறு ஆசிரியராக இருந்தால் அந்தக் குரல் மலையில் மோதித் திரும்பி வந்திருக்கும். விருந்தாளியை நாலு பேர் முன்னால் எப்படி அதட்டுவது? திறந்த வாய் மூடிக்கொண்டது. ஆசிரியர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத லான், கோட்டுகளை ஒவ்வொன்றாக டீச்சர் கைக்கு மாற்றிவிட்டு வரிசைக்கு நடந்தாள். வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. கயிறு சுற்றுகிற துவான் பெங், "போச்சு! கொடி போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஷு டீச்சர் ஓடிவந்தாள். "ஐயோ, என்ன வேலை பண்ணினீங்க! அந்தப் பொண்ணு கயிறு முன்னால வந்தா அப்படியே நின்னுடுவா. உள்ள நுழையவே வராது. ஒருத்தி நின்னா பின்னால எல்லாரும் நிப்பாங்க. அதனாலதான் ரெண்டு வருஷமா அவ கைல கோட்டைக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்காங்க. எல்லா வகுப்புலயும் இப்படி ஒரு பிள்ளை உண்டு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் யார் இதையெல்லாம் சொல்வார்கள்?

தொகோசானிக்குக் காது சுட்டது. கையில் இருந்த கோட்டுகள் திடீரென்று கனத்தன. ஹௌ அக்கா மாவைப் பலகையில் அடித்த அந்த அடி இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"நடுவர் இன்னும் தலை எண்ணல. வயித்து வலினு சொல்லி அவளைத் திரும்பக் கூப்பிட்டுடுங்க. ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றாள் ஷு டீச்சர்.

கூப்பிட்டால் கொடி தங்கும். இத்தனை பிள்ளைகளின் மூன்று வருட ஆசை. அதைக் கெடுக்க ஓர் அந்நியக்காரிக்கு என்ன உரிமை? தொகோசானி வாயெடுத்தாள்.

வரிசையில் லான் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். பயந்துதான் இருந்தாள். ஆனால் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பாமல் நிற்பவள்போல முதுகை விறைத்துக்கொண்டு நின்றாள்.

'ஆண்டவரே, உதவி செய்ய விடும்னு காலையில நான்தான் கேட்டேன். இப்ப இதை உதவியா ஆக்கறது உம்ம பொறுப்பு' என்று தொகோசானி மனதுக்குள் சொன்னாள். பிறகு ஷு டீச்சரிடம், "நான் கூப்பிட மாட்டேன். தப்பு என்னோடது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டட்டும்" என்றாள்.

நடுவர் தலைகளை எண்ணினார். விசில் ஊதினார்.

கயிறு தரையை அறைந்து சுழன்றது. பிள்ளைகள் மீன்கள் போல வழுக்கி நுழைந்து வழுக்கி வெளியேறினார்கள். லானின் முறை வந்தது. அவள் நின்றாள். கயிறு ஒருமுறை சுற்றியது, இன்னொரு முறை சுற்றியது. பின்னால் வரிசை முட்டிக்கொண்டது. "போயேன்டி!" என்று யாரோ கத்தினார்கள். லான் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள். கயிறு காலைச் சுற்றியது, ஆட்டம் நின்றது. பக்கத்து இரண்டாம் பிரிவின் பிள்ளைகள் தங்கள் கயிற்றை விடாமல் தாண்டிக்கொண்டே, "மூணாவது கொடி எங்க வீட்டுக்கு!" என்று கேலி பாடினார்கள்.

இரண்டாவது சுற்றிலும் நின்றாள். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற குட்டைப் பெண் இந்த முறை கத்தவில்லை. லானின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். தள்ளவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். கயிறு மேலே எழும் நேரம் பார்த்து, "குதி!" என்றாள். லான் ஒரு கணம் பிந்தினாள். கயிறு மறுபடி காலில் மாட்டியது.

துவான் பெங் கயிற்றை உதறி நேராக்கினான். எரிச்சலோடு ஏதோ சொல்லப்போகிறான் என்றுதான் தொகோசானி நினைத்தாள். அவன் எதிர்ப்பக்கத்துக்காரனிடம், "டேய், கையை உசத்திச் சுத்துடா. வளையம் பெருசா வரட்டும்" என்றான்.

மூன்றாவது சுற்று. லான் வந்து நின்றாள். முதுகில் கை. இப்போது குட்டைப் பெண் மட்டும் அல்ல, முன்னே போனவர்கள், பின்னே வருகிறவர்கள், கயிறு சுற்றுகிற இருவர், எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"குதி!"

லான் நுழைந்தாள். தாண்டினாள். மறுபக்கம் வெளியே வந்தாள். வந்தவள் தான் வெளியே வந்துவிட்டதை நம்பாமல் தன் கால்களையே குனிந்து பார்த்தாள். பின்னால் வந்தவன் அவள்மேல் மோதி, "நடடி, மகாராணி! இன்னும் நேரம் இருக்கு!" என்று தள்ளிக்கொண்டு ஓடினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவள் முறைக்கு அந்த ஒற்றைக் கூச்சல் எழுந்தது. சில சுற்றில் மாட்டினாள், சில சுற்றில் தாண்டினாள். கம்பி வேலிக்கு வெளியே, மாவு படிந்த கைகளோடு ஒருத்தி, அடுப்பையும் வாடிக்கையாளர்களையும் அப்படியே விட்டுவிட்டு வந்து நின்று, "குதி!" என்று கூடவே கத்திக்கொண்டிருந்தாள். தொகோசானி கை தட்டவே இல்லை. தட்டுவதற்குக் கை ஏது? தாடை வரை கோட்டுகள். கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லாமல் யாருடைய கோட்டிலோ முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

நான்காம் பிரிவு மூன்றாம் இடம். கொடி இரண்டாம் பிரிவுக்குப் போனது. அன்று பிற்பகலே அவர்கள் வந்து ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போனார்கள். நான்காம் பிரிவில் சிலர் அழுதார்கள். அழாதவர்களில் லானும் ஒருத்தி.

மறுநாள் காலை தொகோசானி ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இடி விழுந்தது.

"தோ டீச்சர்! ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? ரெண்டு வருஷமா நான் கட்டி வெச்சதை ஒரு நிமிஷத்துல கவுத்துட்டீங்களே! தெரியலைனா கேக்கறது! வாய் இருக்குல்ல? நீங்க பாட்டுக்கு முடிவெடுத்தா நான் எதுக்கு வகுப்பாசிரியர்னு உக்காந்திருக்கேன்?"

அறை முழுதும் திரும்பிப் பார்த்தது. பஞ்சு இல்லை, உறை இல்லை, அசல் குரல். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தப்புதான், சார். மன்னிச்சிடுங்க" என்றாள் தொகோசானி. மனதாரத்தான் சொன்னாள். ஆனால் முகம் அவள் சொல் பேச்சைக் கேட்கவில்லை.

ஷு டீச்சர் சூரியகாந்தி விதையை உடைத்துத் துப்பிவிட்டு, "திட்டு வாங்கிட்டு இப்படிப் பல்லைக் காட்டறவங்கள நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். அறையே சிரித்தது. காங் சார் மட்டும் சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார், மறுபடி கலைத்து அடுக்கினார்.

"சாயங்காலம் பிள்ளைங்க மறுபடி கயிறு தாண்டணுமாம். கொடி கிடி ஒண்ணும் கிடையாது, சும்மாதான். அந்த லான்தான் வந்து கேட்டா. மூணு வருஷத்துல அவ என் மேசைக்கு வந்து எதையும் கேட்டதில்ல." குரல் தணிந்திருந்தது. "நீங்களும் வந்து சேருங்க. அப்புறம், திங்கக்கிழமை வாசல்ல நிக்கற முறை உங்களுக்கு. தாமதமா வந்தா அதுக்கும் கேப்பேன்."

"சரி, சார்" என்றாள். எழுந்து நின்று சொன்னாள்.

மாலையில் வகுப்பு முழுவதும் மைதானத்தில் இருந்தது. கோட்டுகளைச் சிமெண்டு மேசைமேல் குவியலாகப் போட்டிருந்தார்கள். காவலுக்கு ஆள் இல்லை. தொகோசானி பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் ஒதுங்கப் போனாள்.

"அங்க என்ன வேலை? வரிசையில வாங்க!" என்றார் காங் சார்.

அவள் வரிசையில் நின்றாள். முறை வந்தது. கயிறு முகத்துக்கு நேரே சீறிச் சுழன்றது. வெளியே நின்று பார்க்க எவ்வளவு எளிதாக இருந்தது! கால்கள் நகர மறுத்தன. ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்றும் போனது.

முதுகில் ஒரு சின்ன உள்ளங்கை வந்து பதிந்தது. திரும்பிப் பார்க்காமலே யாருடையது என்று தெரிந்தது. இத்தனை நாளும் ஊரார் கோட்டையெல்லாம் சுமந்த கை.

"பயப்படாதீங்க, டீச்சர். மேல போகும்போது சொல்றேன்" என்றாள் லான். குரலில் அப்படி ஒரு பெருமிதம்.

வேலிக்கு வெளியிலிருந்து ஹௌ அக்கா கத்தினாள்: "டீச்சரம்மா! கம்பளிக் கால்சட்டை ஒண்ணு போட்டதே நல்லதுதான்! குதிங்க!"

கயிறு எழுந்தது.

"இப்போ!" என்றாள் லான். தொகோசானி குதித்தாள்.

வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவரவர் கோட்டை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுகூடக் காணாமல் போயிருக்கவில்லை.