முன்போலவே

அலுவலகத்தில் அவருக்கு 'முன்போலவே' என்று பட்டப்பெயர். பதிவறை எழுத்தர். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, உள்ளே உள்ள விவரம் மாறியிருக்கிறதா என்று சரிபார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அத்தனை கோப்பையும் யார் பிரித்துப் படிப்பது? போன ஆண்டுக் குறிப்புக்குக் கீழே 'முன்போலவே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு.

அப்பேர்ப்பட்டவர் தன் தங்கையின் ஆஸ்பத்திரிக் கோப்பில் நடப்பதை உடனே மோப்பம் பிடித்திருக்க வேண்டாமா? ஏழு வருடம் ஆயிற்று.

தங்கை பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுப்பவள். விரல் மூட்டெல்லாம் வலி, பொழுது சாய்ந்தால் காய்ச்சல், எலும்பை உருவிவிட்டது மாதிரி அசதி. காலையில் குழாயை இறுக்கி மூடக்கூட விரலில் தெம்பு இருக்காது. அது சொட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். முதலில் பார்த்த டாக்டர் இரண்டே நிமிடத்தில் 'மனக்கவலை' என்று எழுதினார். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்கடுத்தவர் நிமிரவே இல்லை. தூக்க மாத்திரையோடு, "நாலு பேரோட சிரிச்சுப் பேசுங்கம்மா" என்று இலவசமாக ஒரு யோசனையும் கிடைத்தது. ரத்தமாவது எடுத்துப் பாருங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். "டாக்டர் நீங்களா, நானா?" என்ற பதிலோடு வெளியே வந்தார்கள்.

அந்த அண்ணன் மட்டும் என்ன ஒழுங்கு? ஒருநாள் சொட்டுச் சத்தம் பொறுக்காமல், "படுத்தே கிடந்தா இப்படித்தான். எழுந்து நாலு வேலையப் பாரு, எல்லாம் சரியாப் போகும்!" என்று கத்திவிட்டார். அவள் எழுந்து போய்க் குழாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவர் விடுப்புப் போட்டார். வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். முப்பத்தொரு தாள். கையெழுத்துகள்தான் வேறு வேறு. முதல் தாளில் இருந்ததுதான் கடைசித் தாளிலும் இருந்தது. அந்த வேலை அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை. வெட்கமாக இருந்தது.

"இந்த ஃபைல் கையில இருக்கிறவரைக்கும் உன்னை யாரும் பாக்க மாட்டாங்க. நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போறோம். இது வேண்டாம்," என்றார்.

"எத்தனை நாளா இருக்குன்னு கேப்பாங்களே?"

"மூணு வாரமா இருக்குன்னு சொல்லு."

"ஏழு வருஷம்ண்ணா."

"ஏழு வருஷம்னா பழைய ஃபைலைக் கேப்பாங்கம்மா."

அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பட்டதெல்லாம் படவே இல்லைன்னு சொல்லணும். அப்பதான் நம்புவாங்க. சரி, சொல்றேன்."

புது ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு அம்மாள். "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"மூணு வாரமா," என்றாள் தங்கை. சொல்லும்போது அழுதுவிட்டாள். வலியால் அழுகிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மெதுவாக மடக்கிப் பார்த்தார். ஏழு வருடத்தில் அந்த விரல்களை ஒரு டாக்டர் தொட்டது அன்றைக்குத்தான். ரத்தம், சிறுநீர் இரண்டையும் உடனே பார்க்கச் சொன்னார்.

நான்காம் நாள் முடிவு வந்தது. டாக்டர் அந்தத் தாளை இரண்டுமுறை படித்தார்.

"இது மூணு வாரத்துல வந்ததில்லம்மா. உடம்பு தன்னையே தாக்கிக்கிற நோய். மூட்டோட நிக்கல. ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல கெட்டுப்போச்சு. வருஷக்கணக்கா இருந்திருக்கணும்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பினார். "கூடவே இருக்கீங்க, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக்கூடாதா?"

அந்த முப்பத்தொரு தாளும் வீட்டு அலமாரியில் கிடந்தன.

தங்கை அந்தக் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்து அண்ணன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்ப, நிஜமாவே நோய்தானா டாக்டர்?"

"ஆமாம்மா."

மடங்காத விரல்களால் அண்ணனின் சட்டைக் கையைப் பிடிக்கப் பார்த்தாள். பிடி நழுவியது. மறுபடியும் பிடித்தாள்.

"கேட்டியாண்ணா? நான் சும்மா படுத்துக் கிடக்கல."