விசாரணைக் கட்டடத்துக்கு மெத்தை

"உங்க வீட்டுத் தலையணை அழுவுதாமே, நெசமாக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மெத்தைக்கடைக்காரரின் மனைவியிடம் கேட்டாள். அழத்தான் செய்தது. பகலிலும் அழுதது. விசாரணைக் கட்டடத்துக்குள்ளிருந்து சத்தம் வெளியே போகாதபடி சுவர்களுக்கு மெத்தை தைத்துத் தரச்சொல்லி அரசாங்க ஆள் வந்தபோது, முடியாது என்று சொன்ன எதிர்க்கடைக்காரர் ஏற்கெனவே காணாமல் போயிருந்தார். "நாம பஞ்சத்தான் அடைக்கிறோம், அடிக்கிறது அவங்க" என்று மெத்தைக்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பெரிய வேலை எதுவானாலும் வீட்டுக்காரியின் தலையணையிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிடுங்கி முதல் மெத்தையில் வைப்பது அந்தக் கடையின் ராசி. இதற்கும் வைத்தார். அன்று முதல் அந்த அறைகளில் எழும் சத்தமெல்லாம், தலையணையில் மிச்சமிருந்த பஞ்சின் வழியே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தெரு பழகிக்கொண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பின்வாசல் வழியாக வந்து தலையணையில் காதை வைத்து, "எம் பையன்தான், இருமுறான்" என்று சந்தோஷமாகப் போனார்கள். அப்புறம் அச்சகத்தில் வேலை பார்த்த மெத்தைக்காரர் மனைவியின் தம்பியையே பிடித்துக்கொண்டு போனார்கள். சின்ன வயதிலிருந்தே வலித்தால் அவன் அக்காவைத்தான் கூப்பிடுவான். கூப்பிட்டான். அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டே காய் நறுக்கினாள்.

அப்போதுதான் இரண்டாவது உத்தரவு வந்தது. சத்தம் எங்கேயோ கசிகிறதாம். இரட்டை மெத்தை வேண்டுமாம்.

"வேணாங்க. அவன் கத்துறவரைக்கும்தான் உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியும்."

"முடியாதுன்னா என்னையும் உள்ள போடுவான். அப்புறம் ரெண்டு பேரு கத்துறதையும் உக்காந்து கேக்கறியா?"

"கொஞ்சம் மெல்லிசா தைச்சுக் குடுங்களேன்."

"அமுக்கிப் பாத்துத்தான்டி வாங்குவான்."

அவர் நன்றாகவே தைத்தார். வேலையில் குறை வைத்து அவருக்குப் பழக்கமில்லை. ராசிப்படி இந்தத் தடவையும் ஒரு பிடி பிடுங்கி வைத்தார். மெத்தை சுவரேறியதும் தலையணை அடங்கியது. அங்கிருந்த நிசப்தம் அதே வழியாக வந்து வீட்டையும் கடையையும் அடக்கியது. பாத்திரம் விழுந்தால் சத்தமில்லை, குழாய்த் தண்ணீருக்குச் சத்தமில்லை, கூப்பிட்டால் குரலில்லை. கடைக்கு வருகிறவர்கள் விரலால் பேரம் பேசிக்கொண்டார்கள். வியாபாரம் செழித்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துப் பேசி வருஷங்களை ஓட்டினார்கள். தம்பி இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை.

புது விசாரணைக் கட்டடம் ஒன்றுக்கு மெத்தை கேட்டு ஆள் வந்து நின்ற காலையில், அவர் சரியென்று தலையாட்டியதை அவள் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், செருப்பை மாட்டினாள். வாசலில் ஒரு நொடி திரும்பி நின்றாள். அவர் அவள் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை அசையவில்லை. அவள் போய்விட்டாள்.