இடுப்புப் பிடிப்பு

டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே மூத்தவள் சமையலறையிலிருந்து தம்பியை நோட்டம் விட்டாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா. பக்கத்தில் பெஞ்சில் அம்மா. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பெற்ற மகன் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நாற்காலி போடுகிறேன், வண்டிக்குச் சொல்கிறேன் என்று வாசலிலேயே பழியாய்க் கிடந்தான்.

இவன் எதையோ மறைக்கிறான்.

துக்கம்தான் என்று நம்ப அவளுக்கும் ஆசை. ஆனால் மருத்துவமனையில் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். ஆஞ்சியோகிராம் நல்லபடியாக முடிந்தது, இதயத்தில் அடைப்பே இல்லை என்று மதியம் சிரித்த அதே டாக்டர், ராத்திரி வேறு முகத்தோடு வந்தார். தொடையிடுக்கில் குழாய் விட்ட இடத்துக்குச் சற்று மேலே ரத்தக் குழாயில் காயம். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே முதுகுப் பக்கம் தேங்கிவிட்டது. அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்றார். அப்புறம் தம்பியிடம் கேட்டார்.

“சாயங்காலம் முதுகு வலி, இடுப்பு வலின்னு ஏதாவது சொன்னாரா?”

“இல்ல சார்.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. அந்த அவசரம்தான் அவளை உறுத்தியது. டாக்டரும் இவனும் சேர்ந்து எதையாவது மூடி மறைக்கிறார்களா? யார் கை தவறியது, யார் வாயை மூடிக்கொண்டது என்று தெரியாமல் அப்பாவை வண்டியேற்ற அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே அம்மாவின் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாதவர் என்பதால் வீட்டில் அவருக்கு ரேடியோ மாமா என்று பெயர்.

“நேத்து சாயங்காலம் நான் போனப்ப நல்லாத்தாம்மா இருந்தாரு. உக்காரக்கூட இல்ல, டீ குடிக்கலாம் வாங்கன்னு இவன் கிளப்பிட்டான்.”

தட்டை மாமாவிடமே கொடுத்துவிட்டு, தம்பியின் சட்டையைப் பிடித்து வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு இழுத்துப் போனாள்.

“எதுக்குடா மாமாவக் கிளப்பின? ஆஸ்பத்திரில ஏதாவது சொல்லக் கூடாதுன்னாங்களா?”

“அதெல்லாம் இல்லக்கா.”

“அப்புறம் ஏன் அம்மா மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிற?”

அவன் சுவரின் காரையை நகத்தால் பெயர்த்தான்.

“அப்பா சொன்னாருக்கா. இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு.”

ஆயுள் முழுக்க லாரி ஓட்டியும் அப்பாவுக்கு இடுப்பு வலி என்று ஒன்று வந்ததே கிடையாது. ஆனால் வந்த விருந்தாளி எழுந்து போகாமல் அறுத்துக்கொண்டிருந்தால், முதுகைத் தடவிக்கொண்டு ‘இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ என்பார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆளை நாசூக்காகக் கிளப்ப வேண்டும். அந்த வீட்டில் அதற்கு அதுதான் அர்த்தம்.

“மாமா வாயத் திறந்ததுமே சொன்னாரு. கண்ணடிச்சிட்டு அவரக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்தா மறுபடியும் அதையே சொல்றாரு. அதான் போயிட்டாருல்லப்பான்னு சிரிச்சேன். வேர்த்து ஊத்துச்சுக்கா அவருக்கு. நான்... ஃபேனக் கூட்டி வச்சேன்.”

அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அந்தச் சாயங்காலம் தான் அங்கே இருந்திருந்தாலும் கண்ணடித்துத்தான் இருப்போம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“அம்மாட்ட சொல்லிடாதக்கா.”

கூடத்துக்கு வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“என்னடி சொல்றான்? அப்பா கடைசியா ஏதாவது பேசினாராமா?”

“இல்லம்மா. தூங்கிட்டாராம்.”

அம்மா பெட்டியைப் பார்த்தாள். “எங்கண்ணன் பாக்கப் போயுமா? இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னுகூடச் சொல்லலயா?”

மூத்தவளின் கண் வாசல் பக்கம் போனது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை விட்டாள்.

“அவன வரச் சொல்லு.”

சொல்லிவிட்டு, பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.