நத்தம் ரோட்டுக் காட்டுமாடுகள்

தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரு கன்றோடு சேர்த்துப் பதினாலு காட்டுமாடுகள் சிறுமலையிலிருந்து இறங்கி, திண்டுக்கல் ஊருக்குள் வீட்டுச் சுவர்களின் வழியாக நடந்து போயின. ஒரு சுவரிலும் கீறல் விழவில்லை. அன்று சின்ன வெங்காயம் கிலோ நாற்பத்திரண்டு. தன் வீட்டுச் சமையற்கட்டில் நுழைந்து பூசையறை வழியாக வெளியேறின, கொதித்த பால்கூட ஆடவில்லை என்று சிவனம்மாள் சொன்னதை வனத்துறைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். மயக்க ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி மாட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கத்துக் கம்பத்தில் குத்தி நின்றது. இரண்டு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. மாடு வந்தால் ஒதுங்கி நின்று போனை நோண்டினார்கள்.

பழகாதவன் பவுல்ராஜ் ஒருத்தன்தான். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். நத்தம் ரோட்டோரத்து வீட்டில் முன்னறைதான் பட்டறை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் டெய்சிக்கு ஒன்பது வயது. சுவரே தடுக்காது என்றால் அப்பன் எதை நம்பிப் பிள்ளை வளர்ப்பது? இன்றைக்குச் சுவரைக் கடக்கிற மாடு நாளைக்குப் பிள்ளையைக் கடந்து போகும். கொம்பு அவளுக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்து அது கெட்டியாகிவிட்டால்? இந்த நினைப்பு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. மகளைத் தானே கொண்டுபோய் விட்டு மத்தியானம் வரை பள்ளிக்கூட கேட்டிலேயே நின்றான். மாட்டு நினைப்பிலேயே அவன் கட்டின காயில்களெல்லாம் புகைந்து திரும்பி வந்தன.

மூன்றாவது வாரம் உப்பு ஞாபகம் வந்தது. ஜனவரியில் வனத்து அந்தோணியார் திருநாளுக்கு ஆடுமாடுகளைக் கோயிலுக்கு ஓட்டிப் போய்த் தீர்த்தம் தெளிப்பார்கள். அன்று சாமியார் மந்திரித்துத் தரும் உப்பு வீட்டுக்குக் காவல். ஜாடியில் இருந்ததோடு அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து, மகளின் கட்டிலைச் சுற்றி வரப்புக் கட்டியதுபோலக் கொட்டினான். ஜாடியின் அடியில் ஒரு பிடி மிஞ்சியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்து பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் கன்று. உப்பை ஒரு கல் விடாமல் நக்கித் தீர்த்திருந்தது. சுற்றிலும் சுவர்களிலிருந்து பதிமூன்று தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"உப்பு வச்சா மாடு வராம போகுமாங்க?" என்றாள் அவன் மனைவி கிளாரா, பின்னாலிருந்து. "வடமதுரையில உங்க அப்பா கழனித்தண்ணியில என்னத்தப் போட்டு மாட்டக் கூப்பிட்டாரு?"

தலைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கன்றும் பின்னாலேயே கிளம்பி, சுவரில் முட்டிக்கொண்டது. சுண்ணாம்பு உதிர்ந்தது. அவன் பயந்தபடியே, உப்பைத் தின்ற கன்று கெட்டியாகிவிட்டிருந்தது. மறுபடி முட்டியது, கட்டில் ஆடியது. டெய்சி மட்டும் எழுந்து உட்கார்ந்து, "அப்பா, அது நடுங்குதுப்பா," என்றாள்.

தாய்மாடு சுவரில் பாதி உடம்போடு திரும்பி வந்தது. கன்றை நக்கியது, நாக்கு கன்றுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. ஒரு மயிரும் நனையவில்லை. திரும்பத் திரும்ப நக்கிவிட்டுத் தலையை நிமிர்த்திப் பவுல்ராஜைப் பார்த்தது. அந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். மூன்று வாரமாகக் கண்ணாடியில் பார்த்த கண்தான்.

சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது பூட்டும் திறந்ததும் கன்று அவன் முழங்காலை இடித்துக்கொண்டு நேராக ரோட்டுக்கு ஓடியது. ஜல்லி லாரி வந்துகொண்டிருந்தது. பவுல்ராஜ் கையிரண்டையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான்.

"ஏலே, நிறுத்துலே! பிள்ள நிக்குது!"

லாரி ஒரு சாண் தள்ளி நின்றது. தாய்மாடு அந்த லாரிக்குள்ளேயே புகுந்து நடந்து வந்து, கன்றைத் தொட முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கிளாரா ஜாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். பவுல்ராஜ் அந்த ஒரு பிடி உப்பை உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டினான். மாடு முதலில் லாரியைப் பார்த்தது, பிறகு கன்றைப் பார்த்தது, பிறகு நக்கியது. அதன் குளம்புக்கடியில் தார் லேசாக அமுங்கியது. அதன்பின் கன்றை நக்க ஆரம்பித்தது. கன்றின் முதுகு நனைந்தது.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. மற்ற பன்னிரண்டும் இப்போதும் சுவர் வழியாகத்தான் வருகின்றன. இந்த இரண்டுக்கும் கதவுதான் வழி. பூட்டு எதுவும் கிடையாது. பவுல்ராஜுக்குப் பயம் போகவில்லை, கூடித்தான் இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு நத்தம் ரோட்டின் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறான். டெய்சி கடக்கிறாள், பின்னால் கன்று, அதற்குப் பின்னால் தாய். ஹாரன் அடிக்கிற லாரிக்காரர்களை, "செத்த நேரம் பொறுங்கப்பு, பிள்ளைக போகுதுல்ல," என்று அதட்டுகிறான்.