வலப்பக்கம் சாயும் இருக்கை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிஞ்ச்வடில் டிராக்டர் இருக்கைகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் பொறுப்பு. "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2003இல் கணபதியைக் கரைத்த மறுநாள் காலை, புது இருக்கை மாட்டிய டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் உடம்பு வலப்பக்கமாக வழுக்கியது.

இந்த இருக்கையின் பெருமையே அது சாயாது என்பதுதான். டிராக்டர் மேட்டிலோ சரிவிலோ ஒருக்களித்தாலும், அடியில் இருக்கும் ஒரு பெட்டி அதைக் கண்டுகொண்டு, தாழ்ந்த பக்கத்தைத் தூக்கிவிடும். ஓட்டுகிறவர் நேராக உட்கார்ந்திருப்பார். பழைய பெட்டி மந்தமாக இருக்கிறதென்று எங்கள் மெக்கானிக் முரளி அதை மாற்றி மின்னணுப் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தான். அதில் ஒரு பொத்தான். டிராக்டர் சமதளத்தில் நிற்கும்போது அழுத்தினால், 'இதுதான் நேர்' என்று பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு முன் ஒழுங்காக இருந்த இருக்கை, மாற்றிய பிறகு சமதளத்திலேயே சாய்ந்து நிற்கிறது. திங்கட்கிழமை நாசிக்கிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர்கள் உட்கார்ந்து பார்க்க வருகிறார்கள்.

முரளி பொள்ளாச்சிப் பையன். நான் கோயம்புத்தூர். அந்த ஷெட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மராட்டியும் ஹிந்தியும் இரைச்சலிடும் இடத்தில் "ஏனுங்க்கா, டீ குடிச்சாச்சா?" என்று அவன் கேட்டால் காதுக்கு இதமாக இருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொஞ்ச நாளாக அவன் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. போன் வந்தால் வெளியே ஓடினான். நான் அருகில் போனால் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் போசரியில் இதே மாதிரி இருக்கை செய்ய ஒரு கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப் போகிறவனுக்கு என்ன ரகசியம்?

போல்ட்டுகளைப் பார்த்தேன். நான் வைத்த சிவப்புப் பெயிண்ட் பொட்டு ஒன்றுகூடக் கலையவில்லை. ஸ்பிரிங்குகளை அளந்தேன், இரண்டும் ஒரே உயரம். வயர்கள் அதனதன் இடத்தில் இருந்தன. பெட்டியைக் கழற்றி வேறொன்று மாட்டினேன். அதையும் முரளிதான் முன்பே தயார் செய்து வைத்திருந்தான், அதுவும் அதே பக்கம் சாய்ந்தது. எங்கேயும் ஒரு தப்பும் கிடைக்கவில்லை. தடயமே இல்லாமல் செய்திருக்கிறான், கைகாரன் என்று நினைத்தேன்.

நேரே மேலாளர் பெண்ட்சேயிடம் போய், "முரளி வேணும்னே ஏதோ செஞ்சிருக்கான்னு நினைக்கிறேன் சார். போசரிக்காரங்களோட பேச்சு நடக்குது போல" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது நெஞ்சு லேசாக உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று விட்டேன்.

மதியம் மறுபடி டிராக்டருக்கு அடியில் படுத்தேன். முதுகெல்லாம் விழாவில் தூவிய குலால் வண்ணப் பொடி ஒட்டிக்கொண்டது. தரையின் வெடிப்புகளில் இன்னும் ரோஸ் நிறம் போகவில்லை. நேற்று வரை கணபதி உட்கார்ந்திருந்த இடம் அது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

ஷெட்டில் ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்ட தரை அது ஒன்றுதான். கணபதி கோணலாக உட்காரக்கூடாது என்று வருஷாவருஷம் பந்தலை அங்கேதான் போடுவார்கள். டிராக்டரைக்கூட அன்போடு வெளியே தள்ளிவிடுவார்கள். முரளி பெட்டியை மாட்டியது அந்த வாரத்தில்தான்.

"முரளி, பொத்தானை எங்க வச்சு அழுத்துன?"

"வாஷிங் ஷெட்லதானுங்க்கா. இங்க சாமி இருந்துச்சே."

வாஷிங் ஷெட் தரை, தண்ணீர் வடிவதற்காக சாக்கடைப் பக்கம் சரித்துப் போட்டது. பெட்டி அந்தச் சரிவையே நேர் என்று கற்றுக்கொண்டிருந்தது. பாவம், அது கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தது. அங்கே தயார் செய்த இன்னொரு பெட்டியும் அப்படித்தான். முரளி சமதளத்தில் பொத்தானை அழுத்தினான். இருக்கை மெல்ல நிமிர்ந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்போது பெண்ட்சேயின் ஆள் வந்து, மேடத்தின் புகாரால் இனி வேலை இல்லை என்று சொல்லி முரளியின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். முரளி என்னைப் பார்த்தான்.

பெண்ட்சேயின் அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்:

"காலையில உங்க பேச்சை உடனே நம்பினேன் மேடம். ஏன் தெரியுமா? சொந்த ஊர்ப் பையன் மேல யாரும் சும்மா பழி சொல்ல மாட்டாங்க. இப்ப நம்ப முடியல. சொந்த ஊர்ப் பையனை யாரா இருந்தாலும் காப்பாத்தத்தான் பார்ப்பாங்க."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கீழ வாங்க சார்" என்றேன்.

டிராக்டரை நானே வாஷிங் ஷெட்டுக்கு ஓட்டிப்போய், அவர் கண்ணெதிரே பொத்தானை அழுத்தினேன். திரும்பச் சமதளத்தில் கொண்டுவந்து நிறுத்தி அவரை ஏறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் வலப்பக்கம் வழுக்கி, மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அங்கேயே பொத்தானை அழுத்தினேன். இருக்கை அவரை மெதுவாக நிமிர்த்தி உட்கார வைத்தது.

"பந்தலை அங்க போடச் சொன்னது நான்தான்" என்று முனகிவிட்டு இறங்கினார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

கேட் அருகே நின்றிருந்த முரளியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. பெண்டாட்டியை ஊரிலிருந்து கூட்டிவர ஒரு அறை பார்த்துத் தரச் சொல்லி, இத்தனை நாளும் வீட்டுத் தரகரிடம்தான் பேசியிருக்கிறான். இப்போது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னு சொல்லாதப்பா, எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன்.

அட்டையை வாங்கிச் சட்டையில் மாட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை தோட்டக்காரர்கள் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். அடுத்த மாதம் முரளியின் வேலை நிரந்தரமாயிற்று. மறுபடி தரகரைக் கூப்பிட்டிருப்பான் போல, அவன் மனைவியும் வந்து சேர்ந்தாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் காலை, பரிசோதனைக்குப் புது இருக்கை ஒன்றைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். டீ குடித்தாயா என்று நானே கேட்கலாம் என வாயெடுத்தேன்.

"மேடம், சீட் ரெடி ஹை. செக் கர் லீஜியே" என்று ஹிந்தியில் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் தமிழ் பேசுகிறவர் யாரும் இல்லை.