சந்திரனிடம் இருந்த புல்லர்

சாமிநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கோபத்தை மன்னித்துவிடலாம். ஏறியது இறங்க வருஷக்கணக்கில் ஆகும் பாருங்கள், அதுதான் பேஜார்.

அவரும், அவர் தங்கை ருக்மிணியின் புருஷன் சந்திரனும், பதினாலு வருஷம் ஒரே ஷெட்டில் பழைய கார் வேலை பார்த்தவர்கள். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் ஒரு கஸ்டமர் எதிரில் சந்திரன் விளையாட்டாக, "எங்க மச்சானா? அவரு சுத்தியல் மெக்கானிக் சார். எது கழலலன்னாலும் ஒரே போடு!" என்று சொல்லிவிட்டான். கஸ்டமர் சிரித்தார். பக்கத்து டீக்கடைக்காரரும் சிரித்தார். சாமிநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று.

அன்று சாயங்காலமே கடை இரண்டானது. சாமான்களைக் கோணியில் கொட்டி, நீ ஒன்று நான் ஒன்று என்று மாறி மாறிப் பொறுக்கினார்கள். புத்தியுள்ளவர்கள் செட்டு செட்டாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களோ பழைய இங்கிலீஷ் கார்களுக்கென்றே இருக்கும் விட்வொர்த் ஸ்பேனர்களைக்கூட ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிய்த்துக்கொண்டார்கள். அந்த நட்டில் வேறு ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும் என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பிய்த்தார்கள்.

புல்லரைச் சந்திரன் எடுத்தான். ஸ்டியரிங் பாக்ஸின் ஷாஃப்டில் இறுகிக் கிடந்து சக்கரத்தைத் திருப்பும் டிராப் ஆர்ம் என்ற இரும்புக் கையை அடிக்காமல் உருவியெடுக்க, மெல்லிய தாடை வைத்த அந்த ஒரு புல்லர்தான் இருந்தது. சாமிநாதன் வீம்புக்கு நாலு பவுண்டு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு இரண்டு கடைக்கும் நடுவில் ருக்மிணியின் மார்க்கெட் பைதான் போய்வந்தது. அண்ணனுக்கு ஒரு ஸ்பேனர் வேண்டுமென்றால் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். புருஷனுக்கு வேண்டுமென்றால் அதே பையில் திரும்ப எடுத்துப்போவாள். இரண்டு ஆண்பிள்ளைகளும் பையைப் பார்ப்பார்கள், கேட்க மாட்டார்கள்.

தொண்ணூற்றாறு அக்டோபரில் பிரேசர் டவுன் ஜூடித் டீச்சர் தன் அப்பாவின் ஆஸ்டின் காரை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங்கைக் கால்சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. டிராப் ஆர்மின் நுனியிலிருந்த குண்டு தேய்ந்து முட்டை மாதிரி ஆகியிருந்தது. லண்டனிலிருந்து உறவுக்காரர் அனுப்பிய புது ஆர்மைக் காகிதம் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாமி, வர்ற ஞாயித்துக்கிழமை அல்போன்சாவுக்கு பர்த்டே. அடுத்த பர்த்டே பாக்க மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார். என் தங்கச்சி இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறா. டாடி கார்ல அல்சூர் ஏரிய ஒரு ரவுண்டு போகணுமாம். சின்னப் பிள்ளைல வாராவாரம் போவோம்."

"ஆயிடும் டீச்சர். நீங்க நிம்மதியா போங்க" என்றார் சாமிநாதன்.

வியாழக்கிழமை ருக்மிணி, ஆர்மின் நட்டுக்கு வேண்டிய ஸ்பேனரைக் கொண்டுவந்தாள். நட்டு சமர்த்தாகக் கழன்றது. ஆர்ம் மட்டும் அசையவில்லை.

"புல்லரையும் சேத்துக் கொண்டாந்திருக்கலாம் இல்ல?"

"அது இன்னா தேங்காயாண்ணா, பைல போட்டு எடுத்தார? அவரு கண்ணெதிர்ல செவுத்துல மாட்டி வெச்சிருக்காரு. நீயே வந்து கேளு. ஒரே ஒரு வார்த்தை."

"என் காலு அந்த வாசப்படிய மிதிக்காது."

"அப்ப அந்த டீச்சரம்மா தங்கச்சி?"

"அத நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு."

சந்திரனின் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. சாமிநாதன் அதை விட்டுவிட்டு பழைய மெட்ராஸ் ரோட்டு லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒரு புல்லரை இரவல் வாங்கிவந்தார். அதன் தாடை கட்டைவிரல் தடிமன். ஆர்முக்கும் பாக்ஸுக்கும் நடுவில் அது நுழையவே இல்லை. தாடையைத் தேய்க்கலாமென்றால் இரவல் சாமான்.

வெள்ளிக்கிழமை காலை சுத்தியலை எடுத்தார். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் சத்தம் மாறியது. முப்பது வருஷமாக இரும்பைக் கேட்ட காதுக்கு அது போதும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தார். பாக்ஸைக் காரின் சட்டத்தோடு பிடிக்கும் காது போன்ற முனையில், போல்ட்டு ஓட்டையிலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஆர்ம் இருந்த இடத்தில் இருந்தது.

அடப்பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம் எழுந்து நடந்தார். மிதிக்காது என்ற கால் தானாக அந்த வாசப்படியை மிதித்தது.

சந்திரனின் கடைச் சுவரில் ஒரு பலகை. ஸ்பேனர்கள் அளவு வரிசையில் தொங்கின. ஒன்றுவிட்டு ஒரு ஆணி காலி. சாமிநாதனிடம் இருக்கும் ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் ஆணி அடித்து வைத்திருந்தான் சந்திரன். நடுவில் புல்லர் எண்ணெய் மினுக்கோடு மாட்டியிருந்தது.

"மாப்ள..."

சந்திரன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தான். "வா மச்சான். புல்லர்தானே? எடுத்துக்கோ. மாசாமாசம் எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். என்னிக்காவது நீ கேப்பேன்னு."

"அடிச்சிட்டேன் மாப்ள."

 சந்திரன் புல்லரைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தான், வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான். அந்தப் பழைய கேலியைச் சொல்லப்போகிறான் என்று சாமிநாதன் காத்திருந்தார். சொல்லித் தொலைத்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அவன் சொல்லவில்லை.

"வெல்டிங் வெச்சிப் பாக்கலாமா? ஒரே ஒரு ரவுண்டுதானே?" என்றார் சாமிநாதன்.

"வார்ப்பிரும்பு மச்சான், ஒட்டு நிக்காது. ஸ்டியரிங்ல ஒட்டுப்போட்டு, ஏரிக்கரையில அந்தம்மாவ உக்கார வெச்சி ஓட்டுவியா நீ?"

சாமிநாதன் தலையை ஆட்டினார். முடியாது என்று அவருக்கும் தெரியும்.

இரண்டு பேரும் சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடை ஒன்றுகூட விடவில்லை. மெட்ராஸுக்கு, மைசூருக்கு, கோயம்புத்தூருக்கு போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கும்படி அந்தப் பாக்ஸ் எங்கும் இல்லை.

சனிக்கிழமை சாமிநாதனே பிரேசர் டவுனுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். ஜூடித் டீச்சர் திட்டவில்லை. உள்ளே ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் அல்போன்சா போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

"இன்னா சாமி, வண்டி ரெடியா?"

"அடுத்த வாரம்மா" என்றார். வாயில் வந்தது அந்தப் பொய்தான்.

"ஆட்டோல கூட்டிப்போறேன்னு அக்கா சொல்றா. எனக்கு வேணாம். டாடி கார் வரட்டும். நான் வெயிட் பண்றேன்."

சொன்னபடியே காத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை டீச்சர் போன் பண்ணுவார், அவள் கேட்கச் சொன்னதாக. டிசம்பர் இரண்டாம் வாரத்தோடு அந்தப் போன் நின்றது.

பொங்கல் கழிந்து மெட்ராஸிலிருந்து ஒரு பழைய பாக்ஸ் வந்தது. யாரோ கழற்ற முடியாமல் விட்ட தேய்ந்த ஆர்ம் அதிலும் இறுகி ஒட்டியிருந்தது. ஜூடித் டீச்சர் வந்து, அன்று உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

"நீயே போடு மச்சான்" என்று சந்திரன் புல்லரை நீட்டினான்.

மெல்லிய தாடை ஆர்முக்குப் பின்னால் தோதாகப் போய் உட்கார்ந்தது. சாமிநாதன் நடுத்திருகை அரைச்சுற்று சுற்றினார். இன்னொரு அரை. இன்னும் கொஞ்சம். டக் என்று ஒரு சத்தம், ஆர்ம் கையோடு வந்துவிட்டது. டீச்சரின் டம்ளரில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

டீச்சர் ஆர்மைப் பார்த்தார், புல்லரைப் பார்த்தார்.

"இவ்ளோதானா, சாமி?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இவ்ளோதான், டீச்சர்" என்றார் சாமிநாதன். அந்த ஆர்மை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார். சந்திரன்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.